தொடர்ந்து வாசிக்கப்படும் விசுவாசம்: தரங்கம்பாடிக் கடிதங்கள் முதல் இக்காஸ்ட் தமிழரின் கைபேசித் திரை வரை

முன்னுரை

டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், ஹேர்னிங் நகருக்கும் சில்கபோர்க் நகருக்கும் இடையே அமைந்த சிறு நகரம் இக்காஸ்ட். பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த இந்நகரிலும் அதன் அயலூர்களிலும் 1980களின் நடுப்பகுதி முதல் ஈழத்தமிழர் குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் சைவர். கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவரும் சிறுபான்மையர். இந்நகரில் நீண்ட காலம் வாழ்ந்து வரும் வரலாற்று மாணவன் என்ற வகையில், அண்மை ஆண்டுகளில் நான் கண்ட ஒரு மாற்றமே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று. என் அயல்வீட்டுக் கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர், விடியற்காலையில் தேநீர் வைக்கும் முன்னரே கைபேசியைத் திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நாள்தோறும் எழுதும் தியானக் குறிப்பைத் தேடுகிறார். எழுதுபவரை அவர் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவருடைய குடும்பத்தின் நோயும் நலமும், அவருடைய ஊரின் மழையும் வறட்சியும் இவருக்குத் தெரியும். குறிப்பு ஒரு நாள் தவறினால் இவர் கவலைப்படுகிறார்.

முகமறியாத ஒருவருடைய விசுவாசத்தை அவருடைய எழுத்து வழியாகத் தொடர்ந்து பின்பற்றும் இவ்வழக்கத்தை இணையம் தோற்றுவித்த புதுமை என்று பலர் கருதுகின்றனர். தமிழ் மண்ணுக்கும் டென்மார்க்குக்கும் இடையிலான வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருத இயலாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் டென்மார்க் அரசனின் ஆதரவில் தரங்கம்பாடிக்குச் சென்ற மறைப்பணியாளர் எழுதிய கடிதங்களை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பல்லாயிரம் மைல் தொலைவு வாசகர் இதே ஆவலோடு தொடர்ந்து வாசித்தனர். அக்கடிதங்களுள் தமிழரின் குரலும் இருந்தது. அக்குரல் எவ்வாறு அச்சேறியது, எவ்வாறு சுருங்கியது, எது எஞ்சியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. அதன் ஒளியில் இன்றைய புலம்பெயர் தமிழ்ச் சமய எழுத்தின் நிலையைக் குறித்து ஒரு கவலையையும் ஒரு கோரிக்கையையும் முன்வைக்கின்றது.

1. தங்க ஓலையும் கடிதக் கட்டும்

டென்மார்க்கும் தமிழகமும் கொண்ட உறவு சமயத்தால் தொடங்கியதன்று. 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர், ஓவே யெத்தே தலைமையில் வந்த டேனியருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் இசைவளித்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் பொறித்து அவர் விடுத்த ஓலை, இன்றும் கோப்பன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றது. தமிழ் எழுத்து டென்மார்க்கில் காலடி வைத்தது அகதிகளோடு அன்று. அதற்கு முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசனின் மடலாக அது இங்கு வந்து சேர்ந்தது.

சமயப் பணி பின்னர் வந்தது. மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைப்படி பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்ரிக் புளூச்சோ ஆகிய இரு ஜெர்மானிய இளைஞர் 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். பயணம் ஏழு மாதங்களுக்கு மேல் நீண்டது. ஆகவே ஒரு கடிதம் ஐரோப்பா சென்று மறுமொழி திரும்பி வர ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் ஆயிற்று. சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் சிவவாக்கியமும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

இப்பணி முழுவதும் கடிதங்களாலேயே உயிர்வாழ்ந்தது. பொருளுதவி ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். உதவி வர, அங்குள்ளோர் இங்கு நடப்பதை அறியவேண்டும். எனவே மறைப்பணியாளர் நாட்குறிப்பு எழுதினர். உரையாடல்களைப் பதிவு செய்தனர். கண்ட காட்சிகளையும் கேட்ட கேள்விகளையும் விரிவாக எழுதி அனுப்பினர். ஒரு மனிதனின் அன்றாடச் சமய வாழ்க்கை, தொலைவிலுள்ள அந்நியர் வாசிப்பதற்காகவே ஒழுங்காக எழுதப்படும் வழக்கம் தமிழ் மண்ணில் இவ்வாறு வேரூன்றியது.

2. ஹாலே இதழ்களும் அவற்றைத் தொடர்ந்தோரும்

முதற் கடிதங்கள் 1708இலேயே ஜெர்மன் மொழியில் அச்சாகிப் பரவின. 1710 முதல் ஹாலே நகரின் அநாதை இல்லத்தை நிறுவிய ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே இப்பொறுப்பை ஏற்றார். அவருடைய அச்சகம் அக்கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 'தொடர்ச்சி' என்ற பெயரில் இதழ் இதழாக வெளியிட்டது. 1772 வரை 108 தொடர்ச்சிகள் ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தன. அதன்பின்னர் புதிய வரிசையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஒரே இடத்துச் சமய வாழ்க்கையை இத்துணை நீண்ட காலம் இடையறாது அச்சில் தொடர்ந்து வெளியிட்ட முயற்சிகள் உலக வரலாற்றில் மிகச் சிலவே.

இவற்றை வாசித்தோர் யாவர்? அரசவையினர், குருமார், கைவினைஞர், கைம்பெண்கள் எனப் பல நிலையினர். இங்கிலாந்து அரசி ஆனின் கணவர் டென்மார்க் இளவரசர் ஜோர்ஜ் ஆவார். அவருடைய அரண்மனைக் குருவாகிய அன்டன் வில்ஹெல்ம் பேமே, 1709இல் இக்கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை இலண்டனில் வெளியிட்டார். கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தரங்கம்பாடிக்கு அச்சியந்திரமும் தாளும் அனுப்ப முன்வந்ததற்கு இந்நூலும் ஒரு காரணம்.

இந்நூலின் ஒரு படி எப்வர்த் என்னும் சிற்றூர்க் குருமனையை எட்டியது. பிற்காலத்தில் மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் தாய் சுசானா, தம் கணவர் இலண்டன் சென்றிருந்த நாள்களில் மகள் ஒருத்தி வாசிக்க அதனைக் கேட்டார். தரங்கம்பாடிப் பணியாளரின் ஆர்வம் தம்மை உலுக்கியதென்று 1712 பெப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகின்றார். அதன்பின் தம் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனித்தமர்ந்து உரையாடுவதை அவர் வழக்கமாக்கிக் கொண்டார். அவர் வீட்டில் நடத்திய ஞாயிறு மாலை வாசிப்புக்கு அயலவர் இருநூறு பேருக்கு மேல் கூடினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காட்டன் மேதர் தரங்கம்பாடிப் பணியாளரோடு கடிதத் தொடர்பு கொண்டு, அதனை 1721இல் ஒரு நூலில் வெளியிட்டார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சுசானா வெஸ்லி தரங்கம்பாடியைக் கண்டதில்லை. அங்குள்ள தமிழர் எவரையும் அறிந்ததில்லை. ஆயினும் அவர்களைப் பற்றிய எழுத்து அவருடைய வீட்டின் மாலைப்பொழுதை மாற்றியமைத்தது. தொடர்ந்து வாசிப்பது வெறும் ஆர்வக் கிளர்ச்சி அன்று. அது வாசிப்பவரின் ஒழுக்கத்தையும் நேரத்தையும் ஆளும் ஆற்றலுடையது. இக்காஸ்டில் தேநீருக்கு முன்னர் கைபேசியைத் திறக்கும் மூதாட்டியையும் எப்வர்த்தில் இருந்த அத்தாயையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்குரிய நியாயம் இதுவே.

3. தொண்ணூற்றொன்பது கடிதங்கள்

மறைப்பணியாளர் தமிழரைப் பற்றி எழுதியதோடு நில்லாது, தமிழரிடமிருந்தே எழுத்தைப் பெறவும் முயன்றனர். 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய துணைவர் யோகான் ஏர்ன்ஸ்ட் குருண்ட்லரும் கற்றறிந்த தமிழருக்குப் பல வினாக்களை எழுதி அனுப்பினர். கடவுள், உயிர், வினைப்பயன், வழிபாடு, நாள்கோள், மருத்துவம், கல்வி, திருமணம், வணிகம் என வினாக்கள் பல துறைகளைத் தழுவின. மறுமொழியாக வந்த தமிழ்க் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவற்றுள் 55 கடிதங்கள் 1714இல் ஏழாம் தொடர்ச்சியிலும், 44 கடிதங்கள் 1717இல் பதினோராம் தொடர்ச்சியிலும் அச்சாயின. ஒரு பகுதி 1717இலேயே இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 'மலபார்க் கடிதங்கள்' என்று ஆய்வுலகம் வழங்குவது இத்தொகுப்பையே. தமிழரை அக்காலத்து ஐரோப்பியர் மலபாரியர் என்று அழைத்தமையால் இப்பெயர் ஏற்பட்டது.

இக்கடிதங்களின் சிறப்பு அவற்றின் நேர்மையில் உள்ளது. தமிழர் கிறிஸ்தவ மார்க்கத்தை ஏன் ஏற்கத் தயங்குகின்றனர் என்ற வினாவுக்கு வந்த மறுமொழியொன்று, கோட்பாட்டு விவாதத்தில் இறங்குவதற்கு முன் கிறிஸ்தவரின் நடத்தையைச் சுட்டுகின்றது. அவர்கள் பசுவைக் கொன்று உண்கின்றனர், மது அருந்துகின்றனர், உடல் தூய்மையில் கருத்தற்றுள்ளனர், இறந்தோருக்குச் செய்யத்தக்க கடன்களைச் செய்வதில்லை. இத்தகையோர் நல்ல மார்க்கத்தைப் போதிக்கின்றனர் என்று எவ்வாறு நம்புவது என்பது அம்மறுமொழியின் சாரம். வேறு சில கடிதங்கள், இறைவன் ஒருவனே என்பதை ஒப்புக்கொண்டு, அவனை அடையும் வழி பலவாக இருத்தல் கூடாதோ என வினவுகின்றன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் எழுத்து மரபுடைய ஒரு சமுதாயம், தன்னை நோக்கி வந்த வினாவைத் திருப்பிக் கேட்கும் தொனியே இக்கடிதங்கள் பலவற்றிலும் ஒலிக்கின்றது.

எனினும் மூன்று குறைபாடுகளை வரலாற்றாசிரியன் மறைக்கலாகாது. முதலாவது, இக்கடிதங்களை எழுதியோரின் பெயர்கள் அச்சில் இல்லை. இவற்றுட் பலவற்றைச் சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அழகப்பன் என்பவரே எழுதியிருத்தல் கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுவர். இரண்டாவது, கடிதங்களோடு மறைப்பணியாளரின் குறிப்புரைகளும் இணைந்தே அச்சாயின. தமிழர் ஒன்று சொன்னால், அதனை வாசகன் எவ்வாறு கொள்ளவேண்டும் என்று குறிப்புரை உடனே வழிகாட்டுகின்றது. தமிழருக்கு அக்குறிப்புரையைக் காணும் வாய்ப்போ அதற்கு விடையளிக்கும் வாய்ப்போ இருக்கவில்லை. மூன்றாவதே யாவற்றினும் வருத்தந்தருவது. அக்கடிதங்களின் தமிழ் மூலங்கள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தமிழர் தமிழில் எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகவே வாசிக்க வேண்டியுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழன் தன் சமயத்தைப் பற்றிப் பிற சமயத்தானுக்கு எழுதிய உரைநடை எவ்வாறு இருந்தது, எந்தச் சொல்லால் அவன் 'விசுவாசம்' என்பதைக் குறித்தான், எந்த இடத்தில் எள்ளி நகைத்தான் என்பனவெல்லாம் மூலத்தோடு மறைந்துபோயின.

4. சல்லடையும் சலிக்கப்பட்டதும்

அச்சாகி வெளிவந்ததையே முழு உண்மையென்று கொண்ட வாசகர், வெளிவராதவற்றை அறியவில்லை. ஹாலேயில் பிராங்கேயும் அவருக்குப் பின் வந்தோரும் கடிதங்களைப் பதிப்பிக்கும்போது பலவற்றை நீக்கினர், சிலவற்றைத் திருத்தினர். மறைப்பணியாளருக்கிடையே எழுந்த பூசல்களும், தரங்கம்பாடி டேனிய அதிகாரிகளோடு ஏற்பட்ட மோதல்களின் கூர்மையும் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளிலேயே தங்கிவிட்டன. கோப்பன்ஹேகனில் 1714இல் நிறுவப்பெற்ற மிஷன் கல்லூரியின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட், பள்ளிகளும் கட்டடங்களும் வேண்டா, அப்போஸ்தலர் போல் வெறுங்கையோடு நடந்து போதிப்பதே முறை என வலியுறுத்தியவர். அவருடைய கடுமையான கண்டனங்கள் சீகன்பால்கின் இறுதிக் காலத்தில் வந்து சேர்ந்தன. சீகன்பால்க் 1719 பெப்ரவரி 23இல் தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். குருண்ட்லர் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார். உருக்கமான செய்திகளை வாசித்து நன்கொடை அளித்தோர், அதே பணி தன் ஆதரவாளராலேயே எவ்வளவு நெருக்கப்பட்டது என்பதைக் காலந்தாழ்த்தியே அறிந்தனர்.

அறிவுலகத்துக்கு நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் விரிவான நூலொன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஊர்த் தெய்வங்களையும் அவற்றின் வழிபாட்டு முறைகளையும் தமிழர் வாயிலாகவே கேட்டறிந்து எழுதிய நூல் அது. ஹாலே அதனை வெளியிடவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பதே அங்கு நிலவிய எண்ணம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல் வில்ஹெல்ம் கெர்மான் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். 1711இல் எழுதப்பட்ட மற்றொரு பெருநூல் 1926இல்தான் அம்ஸ்டர்டாமில் அச்சேறியது.

எது வெளிவரும் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் வாசகரின் எதிர்பார்ப்பே. மனமாற்றக் கதைகளை வாசகர் விரும்பினர். அவை மிகுதியாக வந்தன. தமிழர் சமயத்தின் ஆழத்தைப் பொறுமையோடு கற்பதை அவர்கள் விரும்பவில்லை, அது தடைப்பட்டது. பெயரிடும் முறையிலும் இதனைக் காணலாம். திருமறையை ஏற்றோரும் மிஷனில் பணியாற்றியோரும் அச்சில் பெயரோடு தோன்றுகின்றனர். ஏற்காது வாதிட்டவர், அவர் எத்துணைக் கல்விமானாயினும், 'ஒரு பிராமணர்', 'ஒரு புறச்சமயத்தார்' என்றே குறிக்கப்படுகின்றார். இன்றைய திரையிலும் மிகுதியாகப் பகிரப்படுவது சாட்சியமும் அற்புதமுமே. ஐயமும் மௌனமும் அரிதாகவே பகிரப்படுகின்றன. சல்லடை பதிப்பாசிரியர் கையிலிருந்து நிறுவனங்களின் கணிப்பொறிக்கு மாறியிருக்கின்றது. சலிக்கப்படும் பொருள் பெரிதும் மாறவில்லை.

5. தமிழில் வாசித்தோர், தமிழில் மறுத்தோர்

இதுவரை கூறியவற்றால் தமிழர் பிறர் வாசிப்புக்கு உரிய பொருளாக மட்டுமே இருந்தனர் என்று முடிவு செய்தல் தவறாகும். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கித் தமிழ் அச்சு கத்தோலிக்கர் கையில் பிறந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தபின், 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின. அச்சிட்ட பக்கம் அச்சிட்டவரின் கட்டுப்பாட்டைக் கடந்து சென்றது. தஞ்சை அரசின் படைவீரராக இருந்த கத்தோலிக்கர் இராஜநாயக்கன், அந்நூலின் ஒரு படி கைக்குக் கிட்ட, போதகர் எவருமின்றித் தாமே வாசித்துத் தெளிந்து, பின்னர் தஞ்சைப் பகுதியில் புகழ்பெற்ற உபதேசியாராக விளங்கினார். 1733 டிசம்பரில் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். உபதேசியார்கள் தம் அன்றாடப் பணியைத் தமிழில் எழுதி ஒப்படைத்தனர். ஹாலே இதழ்களின் பல பக்கங்கள் அவர்தம் குறிப்புகளின் மொழிபெயர்ப்பே என்பதை ஹைக்கே லீபாவ் போன்ற ஆய்வாளர் இன்று தெளிவுபடுத்தியுள்ளனர்.

எழுதுவோரும் மறுப்போரும் ஒரே மொழியில், ஒரே வாசகர் முன்னிலையில் நேருக்கு நேர் நிற்கும் நிலை யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. 1841இல் அமெரிக்க மிஷனின் ஆதரவில் 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தோர், கிறிஸ்தவப் பெயர் பூண்ட தமிழரே. அவ்விதழ் கிறிஸ்தவக் கருத்தைப் பரப்பியதோடு வாசகர் கடிதங்களுக்கும் இடமளித்தது. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சகம் நிறுவி, மிஷன் அச்சுக்கு அச்சினாலேயே விடையளித்தார். 1876இல் கத்தோலிக்கரின் 'பாதுகாவலன்', 1889இல் சைவரின் 'இந்துசாதனம்' என இதழ்கள் பெருகின. கண்டனங்கள் சில வேளை கடுமையாயின என்பது உண்மை. ஆயினும் தரங்கம்பாடியில் தமிழருக்குக் கிட்டாத ஒன்று இங்கு கிட்டியது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை ஒருவன் தன் மொழியிலேயே வாசித்து, தன் பெயரிலேயே மறுமொழி எழுதினான். மூலங்கள் தமிழாக இருந்தமையாலேயே அவ்விவாதங்களின் சொல்லையும் தொனியையும் இன்று நாம் ஆராய முடிகின்றது.

6. இக்காஸ்டில் விசுவாசத்தின் எழுத்து

யாழ்ப்பாணத்தின் இவ்வெழுத்து மரபில் வளர்ந்த தலைமுறையின் ஒரு பகுதியே டென்மார்க்குக்கு அகதிகளாக வந்தது. வந்தோரின் குடும்பங்களை வரவிடாது 1987 முதல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் நிறுத்தி வைத்ததும், அதன் விளைவாக 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி துறந்ததும் 'தமிழர் வழக்கு' என்ற பெயரில் டேனிய அரசியல் வரலாற்றில் இடம்பெற்றவை. அக்காத்திருப்பு ஆண்டுகளில் மனைவியர்க்கும் பெற்றோர்க்கும் எழுதப்பட்ட கடிதங்கள் பலவற்றில், அன்றாடச் செய்தியோடு செபமும் வேண்டுதலும் நேர்த்தியும் கலந்திருந்தன. அக்கடிதங்கள் சில இன்றும் இந்நகரத்து வீடுகளில் பிஸ்கட் தகரப் பெட்டிகளில் உள்ளன. விரித்தால் மடிப்பில் கிழிகின்றன.

பின்னர் ஹேர்னிங்கில் விநாயகருக்கும், 2007 முதல் இக்காஸ்டோடு ஒரே நகராட்சியாக இணைந்த பிராண்டயில் அபிராமி அம்மனுக்கும் கோயில்கள் அமைந்தன. கிறிஸ்தவர் டேனிய ஆலயங்களில் இரவல் பெற்ற நேரங்களில் தமிழில் வழிபட்டனர். சிதறி வாழ்ந்த சிறுபான்மையினராதலால் கிறிஸ்தவரிடையே எழுத்து வழி உறவு மேலும் இன்றியமையாததாயிற்று. இன்று அவ்வுறவு பெரும்பாலும் திரை வழியாகவே நடைபெறுகின்றது. மரணச் செய்தி வந்த சில நிமிடங்களில் கனடாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இரங்கல் செபங்கள் தமிழில் வந்து குவிகின்றன. நோயுற்ற குழந்தைக்காக ஒரு தாய் எழுதும் வேண்டுகோளுக்கு முகமறியாதோர் நாள்தோறும் விசாரித்து எழுதுகின்றனர். டென்மார்க்கில் பிறந்த இளையோர் சிலர், தம் பெற்றோரின் பக்தியைப் பற்றிய ஐயங்களை டேனிய மொழியில் எழுதுகின்றனர். பெற்றோரால் அவற்றை முழுமையாக வாசிக்க இயலாது; பிள்ளைகளால் பெற்றோரின் தமிழை முழுமையாக வாசிக்க இயலாது. ஒரே வீட்டில் இரு விசுவாச எழுத்துகள் ஒன்றையொன்று அறியாது வளர்கின்றன.

தரங்கம்பாடியோடு ஒப்பிடும்போது இந்நிலையின் நன்மை தெளிவு. இடையில் ஹாலே இல்லை. குறிப்புரை எழுதும் பதிப்பாசிரியரும் இல்லை. தமிழ் விசுவாசி தன் பெயரில், தன் மொழியில், கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் வாசகனுக்கு நேரே எழுதுகின்றான். 1712இல் கடிதம் எழுதிய அப்பெயரறியாத் தமிழருக்கு இவ்வுரிமை கிட்டியிருப்பின் நம் சமய வரலாறே வேறாக அமைந்திருக்கும்.

தீமை அத்துணைத் தெளிவாகத் தெரிவதில்லை. ஹாலே நிறுவனம் சலித்தது, நீக்கியது, திருத்தியது. ஆயினும் அது பேணியது. அதன் ஆவணக்காப்பகத்தில் கையெழுத்துப் படிகள் எஞ்சியமையாலேயே, அச்சில் நீக்கப்பட்டதை இன்று நாம் மீட்கின்றோம். இக்காஸ்ட் மூதாட்டி நாள்தோறும் வாசிக்கும் தியானக் குறிப்புகளுக்கு அத்தகைய காப்பகம் எதுவுமில்லை. சென்ற ஆண்டு அவருடைய கைபேசி பழுதுற்றபோது, மறைந்த தம் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய இறுதிச் செபங்கள் யாவும் அதனோடு போயின. பேரன் புதிய கைபேசி வாங்கித் தந்தான். அவர் அதனை மேசைமேல் வைத்துவிட்டு, "எழுத்து எங்கே தம்பி?" என்று என்னிடம் கேட்டார். தரங்கம்பாடித் தமிழ் மூலங்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் காப்பகங்களில் அலைந்த எனக்கு அவ்வினா புதிதன்று, விடைதான் இல்லை.

டென்மார்க் இத்துறையில் முற்றிலும் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, டேனிய இணையத்தில் பொதுவில் வெளியாவனவற்றைத் தேசிய நூலக அமைப்பு திரட்டிப் பேணுகின்றது. மொழி எதுவாயினும் அச்சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை. ஆதலால் டென்மார்க் முகவரியில் தமிழில் வெளிவந்த சமயப் பக்கங்கள் பல ஏற்கனவே அங்குச் சேர்ந்திருக்கும். ஆனால் மூடிய குழுக்களிலும் தனிச் செய்திகளிலும் பரிமாறப்படுவன அவ்வலைக்குள் வருவதில்லை. நம்மவரின் செபமும் ஐயமும் பெரும்பாலும் அங்குதான் எழுதப்படுகின்றன.

முடிவுரை

தமிழரின் சமய அனுபவம் தொலைவாசகருக்காக எழுதப்பட்ட வரலாறு முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. அவ்வரலாற்றில் தமிழர் முதலில் பெயரற்ற தகவலாளராயினர். பின்னர் உபதேசியார் வடிவில் மொழிபெயர்ப்புக்குள் மறைந்த ஆசிரியராயினர். யாழ்ப்பாணத்து இதழ்களில் பெயரோடு வாதிடும் எழுத்தாளராயினர். இன்று இடையீட்டாளர் இன்றி எழுதும் விசுவாசிகளாகியுள்ளனர். உரிமை படிப்படியாக வளர்ந்துள்ளது. பேணும் பொறுப்பு அதனோடு வளரவில்லை. முன்பு பிறர் நம் சொல்லைத் தம் மொழியில் பேணி, மூலத்தைக் கைவிட்டனர். இப்போது மூலம் நம் கையிலேயே உள்ளது. அதனை இழந்தால் பிறரைக் குறைகூற இயலாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே இம்மாநாட்டின் முன் எளிய கோரிக்கையொன்றை வைக்கின்றேன். புலம்பெயர் நாடுகளிலுள்ள தமிழ்ச் சபைகளும் கோயில்களும் குடும்பங்களும், எழுதியோரின் இசைவோடும் அந்தரங்கத்துக்கு உரிய பாதுகாப்போடும், தம் சமய எழுத்துகளை ஆண்டுதோறும் தொகுத்துப் பேணும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டி வரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இதற்கு வழிகாட்டக்கூடும். தகரப் பெட்டிகளிலுள்ள கடிதங்கள் முதலில் பிரதி எடுக்கப்பட வேண்டும். அவற்றை எழுதியோர் சிலரேனும் இன்னும் நம்மிடையே உள்ளனர். தொகுக்கும்போது அற்புத சாட்சியங்களை மட்டும் தெரிந்தெடுத்தல் ஆகாது. ஐயமும் கோபமும் நிறைவேறாத வேண்டுதலும் அவற்றோடு சேர்ந்தே நிற்க வேண்டும். இளையோரின் டேனிய எழுத்தும் பெற்றோரின் தமிழ் எழுத்தும் அத்தொகுப்பில் அருகருகே இடம்பெறுமாயின், ஒருவரை ஒருவர் வாசிக்க அங்கேனும் ஒரு வாய்ப்பு உண்டாகும்.

இரகுநாத நாயக்கரின் ஓலை தங்கத்தில் பொறிக்கப்பட்டது. அது நானூறு ஆண்டுகளாகக் கோப்பன்ஹேகனில் உள்ளது. தொண்ணூற்றொன்பது கடிதங்களின் தமிழ் நமக்கு எஞ்சவில்லை. இக்காஸ்டில் இன்று காலை எழுதப்பட்ட ஒரு செபம் இவ்விரண்டினுள் எதன் வழியிற் செல்லும் என்பது, அதனை எழுதியவர் கையிலும் தொடர்ந்து வாசித்த நம் கையிலுமே உள்ளது.